டிரைவிங் மாஸ்டரும் லாரி டயரும்

என் மைத்துனர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவரிடம் சேர்ந்தவர்கள் நன்றாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வயதில் லைசென்ஸ் வாங்குவார்கள் என்பதில்தான் சந்தேகம். டெஸ்டுக்குப் பெயர் கொடுப்பது ஸ்கூலின் வேலை. ஸ்கூல் என்றால் அவர். அவரோ யாரையும் லேசில் அனுப்பிவிட மாட்டார். "இன்னும் ரெடி ஆகல" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பார். அவரிடம் காதலிக்கும் காலத்தில் சேர்ந்த ஒருவர், கல்யாணம் முடித்துக் குழந்தையைப் பள்ளியில் விடப் போகும்போதும் எல் போர்டு மாட்டிக்கொண்டுதான் போனார் என்று ஒரு பேச்சு உண்டு. குழந்தை விஷயம் கொஞ்சம் மிகையாக இருக்கலாம். கல்யாணம் நிஜம், நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கை கழுவாமலே எழுந்து நின்று அறிவித்தார்.

"அத்தான், நான் ஸ்ட்ராங்மேன் போட்டியில கலந்துக்கப் போறேன்."

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். என் மனைவி வைக்கவில்லை. அவள் அவருக்கு அக்கா. கரண்டியோடு பேசுவது அவள் பிறப்புரிமை.

"எதைத் தூக்கப் போறே? போன மாசம் சிலிண்டரை உள்ள வைடான்னு சொன்னதுக்கு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சோபாவுல படுத்தே. நான்தான் உருட்டிக்கிட்டுப் போனேன்."

"அது டெக்னிக் தெரியாத காலம் அக்கா."

டெக்னிக் தெரிந்த காலம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜிம் இருக்கிறது. அதை நடத்துகிறவரைப் 'பாறை' என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். உடம்பும் அப்படித்தான், பேச்சு மட்டும் ஊற்று மாதிரி வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாறைதான் போட்டியை நடத்துகிறது. புதியவர் பிரிவு என்று ஒன்று வைத்து, அதற்கு ஆள் போதாமல், தொப்பையைக் குறைக்கலாம் என்று வாசலில் வந்து நின்ற என் மைத்துனரைத் தோளில் தட்டி உள்ளே இழுத்துவிட்டது.

"பாறை மாஸ்டர் என்ன சொல்றார்னா, ரெடி ஆன பிறகுதான் வரணும்னா உலகத்துல யாருமே எந்த மேடையிலயும் ஏறியிருக்க மாட்டாங்க. முதல்ல இறங்கணும். இறங்கினாத்தான் ரெடி ஆவோம்."

இதைச் சொன்னது வேறு யாராவது இருந்தால் நான் மோரை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இதே மேசையில், இவருக்கு எதிர் நாற்காலியில், என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளை இவர் டெஸ்டுக்கு அனுப்பாமல் பழக்கிக்கொண்டே இருந்தார்.

அவள் நர்சிங் முடித்தவள். ஒரு மருத்துவமனையில் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும், ஊசி போடும் வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். கார் அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் அடுத்த மாதக் கடைசிக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும்; இல்லையென்றால் அடுத்து நிற்கிற பெண்ணுக்கு வேலை போய்விடும். வேறு ஸ்கூலில் சேர்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடப்பிறந்த தம்பி ஸ்கூல் வைத்திருக்கும்போது எதிர்த் தெரு ஸ்கூலுக்கு மகளை அனுப்பினால் என் வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ நானும் முதல்ல இறங்கலாமே மாமா? டெஸ்டுக்கு."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"ரோடுன்னா மனுஷங்க இருக்காங்கம்மா. உனக்கு ரிவர்ஸ் இன்னும் படியல. போய் ஃபெயில் ஆனா மனசு உடைஞ்சு போயிடும். நான் பார்த்திருக்கேன். ரெடி ஆகாம போகக் கூடாது."

"நீ மட்டும் போகலாமா?" என்றேன். "மச்சான், உனக்கு நாப்பது தாண்டியாச்சு. அந்த எடையெல்லாம் வருஷக் கணக்குல தூக்கிப் பழகினவங்க தொடற சமாச்சாரம். தசைநார் ஒண்ணு பிஞ்சுதுன்னா தொழிலே போச்சு. நல்லா பழகிட்டு அடுத்த வருஷம் போ."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நேத்து என்கிட்ட என்ன சொன்னீங்க? பழகிக்கிட்டே இருந்தா பழகிக்கிட்டேதான் இருப்போம், துணிஞ்சு போகணும்னீங்க."

"அது வேற, இது வேற" என்றேன் நானும். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. என் மனைவி கரண்டியால் சட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் கொள்கை பேசவில்லை.

பயிற்சி நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போட்டியில் ஒரு வேனை உடம்பில் பட்டை கட்டி இழுக்க வேண்டும். வேன் கிடைக்காததால் ஸ்கூல் காரிலேயே கயிறு கட்டினார். ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே, பழக வந்த மாணவர்களில் ஒருவரை உள்ளே உட்கார வைத்தார். இங்கேதான் அவருடைய இருபது வருட உழைப்பு அவருக்கு எதிராகத் திரும்பியது. முதல் பாடத்திலிருந்து அவர் ஒன்றைத்தான் எல்லோர் தலையிலும் ஆணி அடித்து இறக்கியிருக்கிறார்: வண்டிக்கு முன்னால் மனிதன் தெரிந்தால் எதையும் யோசிக்காதே, பிரேக்கை மிதி. பட்டை கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றதும் மாணவன் கண்ணுக்கு என்ன தெரியும்? மாஸ்டரின் முதுகு தெரியும். கார் அரை அடி நகரும். மாணவன் மிதிப்பான். மாஸ்டர் நாய்ச் சங்கிலியின் நீளம் தெரியாமல் ஓடிய நாய் மாதிரிப் பின்னால் இழுபடுவார்.

மாணவனை மாற்றிப் பார்த்தார். எல்லோரும் அவர் தயாரித்தவர்கள்தானே, எல்லோரும் மிதித்தார்கள். பிரேக்கிலிருந்து காலை எடு என்று அவர் கத்தினார். மாஸ்டர் நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தி மிதித்தார்கள்.

இதிலிருந்து ஒரு மனிதன் என்ன பாடம் கற்க வேண்டும்? அவர் கற்றது இது:

"பிரேக் போட்ட காரையே அசைச்சிருக்கேன் அத்தான். போட்டியில பிரேக் இல்லாம குடுப்பாங்க. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். தலை வலித்தது.

மற்ற உருப்படிகளை ஜிம்மில் தொட்டுப் பார்த்தாராம். 'தொட்டுப் பார்த்தேன்' என்று அவரே சொன்னார். லாரி டயரைப் புரட்டுவது மட்டும் பார்த்தாலே புரிகிற விஷயம், அதற்குத் தனியாகப் பழக வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். ரிவர்ஸ் பார்க்கிங்கைப் பற்றி ஒரு மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் அவனை இறக்கிவிட்டு நடந்து போகச் சொல்லியிருப்பார்.

போட்டியன்று காலை என் மனைவி வரவில்லை. "அவன் கை கால் ஒடியறதைப் பார்க்கிறதுக்கு நான் புடவை மாத்திக்கிட்டு வரணுமா?" என்று சொல்லிவிட்டுத் தன் கார்ச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். ஸ்கூல் கார் தொழில் வண்டி, வேடிக்கைக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கயிறு கட்டி இழுத்தது வேடிக்கைக் கணக்கில் வராது போல. அவர் ஓட்ட, நானும் மகளும் உடன் போனோம். நான் கார் ஓட்டுவதில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் கண் எந்த நம்பரில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்பதால் ஊரார் நலன் கருதி ஓட்டுவதில்லை.

லாரிகள் நிறுத்தும் திடலில் கயிறு கட்டி இடம் பிரித்திருந்தார்கள். பாறையின் கையில் மைக் இருந்தது. எடை என்பது இரும்பில் இல்லை, நம் பயத்தில் இருக்கிறது என்று அவர் திடலுக்கும் பக்கத்துப் பஞ்சர் கடைக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். பஞ்சர் கடைக்காரர் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

புதியவர் பிரிவில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் ஆட்கள். அதில் ஒருவர் பேக்கரி நடத்தும் அம்மாள், என் வயது இருக்கும். முதல் உருப்படி, மரக்கட்டை வடிவில் செய்த இரும்பு உருளையைத் தலைக்கு மேல் தூக்குவது. பேக்கரி அம்மாள் அதை மடிவரை தூக்கினார், நெஞ்சுக்குக் கொண்டுவர ஒருமுறை முயன்றார், இரண்டாம் முறை முயன்றார், பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எனக்கு வராது சார். அடுத்தது என்ன?"

அவர் கணக்கில் சைபர் எழுதினார்கள். அவர் போய் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். ஜிம்மில் பழகி முதிர்ந்தவர்கள்கூட அவருக்குக் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தயாராகாதவர்கள் வரக் கூடாது என்று நான் வாரக் கணக்கில் பேசி வைத்திருந்த அத்தனை வாதத்துக்கும் நடுவில் அந்த அம்மாள் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்து என் மைத்துனர். அவருக்கும் உருளை நெஞ்சைத் தாண்டவில்லை. ஆனால் அவர் வைக்கவில்லை. முகம் சிவந்து, பிறகு கருத்து, முதுகு வில்லாக வளைந்து, நடுவர் விசில் ஊதி, மறுபடி ஊதி, கடைசியில் இருவர் வந்து அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா போயிருக்கும்" என்றார் என்னிடம் வந்து. இரைத்தது.

"எங்க போயிருக்கும்? நீ போயிருப்பே" என்றேன். "போதும் மச்சான். வந்தாச்சு, தூக்கியாச்சு, அந்த அம்மா மாதிரி ஒரு பழம் சாப்பிடு."

"மாமா, டயருக்கு மட்டும் போகாதீங்க" என்றாள் மகள். "நீங்க அதைத் தொட்டதே இல்ல."

"பாதியில விடற பழக்கம் எனக்கு இல்லம்மா."

டயரைப் புரட்டுவதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை அன்றைக்கு அங்கே நின்றுதான் நானும் தெரிந்துகொண்டேன். கையால் தூக்கக் கூடாது. கையை நீட்டிக் கொக்கி மாதிரி மாட்டிவிட்டு, நெஞ்சை டயரில் வைத்து, காலால் முன்னால் தள்ள வேண்டும். பழகியவர்கள் யாரோடோ மல்லுக்கு நிற்கிற எருமை மாதிரித்தான் செய்தார்கள். என் மைத்துனர் போய்க் குனிந்து, வாளியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் மடக்கி இழுத்தார்.

"கையை மடக்காதீங்க" என்று ஒருவர் கத்தினார். பிறகு பலர் கத்தினார்கள். பாறைகூடத் தத்துவத்தை நிறுத்திவிட்டு மைக்கில் அதையே சொன்னார். மொத்தத் திடலும் ஒரே குரலில் சொல்லிக்கொடுத்தது. அவரோ உற்சாகப்படுத்துகிறார்கள் என்று எண்ணி இன்னும் மடக்கினார்.

சணல் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். டயர் தன் இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் எழுந்து நின்று வலது கையைப் பார்த்தார். முழங்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சதை மேலே தோளை நோக்கிச் சுருண்டு ஒரு எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்திருந்தது.

"சுளுக்கு" என்றார்.

மகள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். முழங்கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். "தசைநார் அறுந்துடுச்சு மாமா. உட்காருங்க. யாராவது ஐஸ் கொண்டு வாங்க. அப்பா, துண்டைக் குடுங்க." அவள் அப்படி உத்தரவிட்டு நான் கேட்டதில்லை. பாறை மைக்கோடு அருகில் வந்து, "வலி என்பது..." என்று தொடங்கினார். "சார், அதை ஆஃப் பண்ணிட்டு ஐஸ் எடுத்துட்டு வாங்க" என்றாள். பாறை உருண்டது.

துண்டில் கையைத் தொட்டில் கட்டி ஐஸ் வைத்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. மருத்துவமனைக்கு யார் ஓட்டுவது? பாறையின் வேன் போட்டிக்காகக் கயிற்றில் கட்டப்பட்டிருந்தது. எனக்கு ஓட்ட வராது. யாரையாவது கூப்பிடலாம் என்று நான் திரும்புவதற்குள் மகள் மாமாவின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"நீ வேணாம்" என்றார் என் மைத்துனர். உதடு வெளுத்திருந்தது. "நான் இடது கையால ஓட்டிக்கிறேன். நீ இன்னும் ரெடி ஆகல."

நான் இதுவரை பொறுமையாக இருந்தவன். "மச்சான்" என்றேன், "உன் கை பாதி தோள்ல இருக்கு. வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறு." பேக்கரி அம்மாள் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

எல் போர்டை மகள் கைப்பையிலிருந்தே எடுத்து மாட்டினாள். எப்போதும் வைத்திருப்பாள் போலிருக்கிறது. சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதால் அவர் முன்னால், நான் பின்னால்.

ஸ்கூல் கார் எல்லாவற்றிலும் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவரிடம் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நாம் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். அதனால் நமக்கு மிதிக்க வருமா வராதா என்பதே நமக்குத் தெரியாது. என் மனைவியின் காரில் அவர் பக்கத்தில் இருந்தது வெறும் ரப்பர் விரிப்பு. அவர் காலுக்கு அது தெரியவில்லை.

திடலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவர் கால் விரிப்பை உதைத்தது. கார் நின்றது. சந்தை முனையில் ஒரு சரக்கு வேன் சந்துக்குள்ளிருந்து பின்புறமாகவே பாய்ந்து வெளியே வந்தது. விரிப்பில் தொம்மென்று ஒரு மிதி. கார் நின்றது, என் தலை முன்சீட்டில் இடிக்காத அளவுக்கு மிருதுவாக. மகள் வேன்காரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கியர் போட்டாள். அடுத்த சிக்னலில் அவர் காலைத் தூக்கினார். தூக்கிய காலைக் குனிந்து பார்த்தார். கீழே விரிப்பைப் பார்த்தார். அதற்குள் கார் கோட்டுக்கு முன்னாலேயே நின்றிருந்தது.

அதன் பிறகு மருத்துவமனை வரும்வரை அவர் காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கை வலிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அறுவை சிகிச்சை செய்து நாரைத் தைக்க வேண்டும், சில மாதம் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது என்றார். "எவ்வளவு நாளா பழகினீங்க?" என்று கேட்டார்.

"மனசளவுல ரொம்ப நாளா" என்றார் என் மைத்துனர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

ஊசி போட்டுப் படுக்க வைத்த பிறகு மகள் கட்டில் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, மாசம் பாதி போயாச்சு. என் பேரைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"வளைவுல இண்டிகேட்டர் லேட்டாப் போட்டே."

"சரி."

"சந்தைகிட்ட தேர்ட் கியர்ல வந்திருக்கணும்."

"சரி. பேரு?"

"போய் ஃபெயில் ஆனேன்னு வை..."

"ஆனா மறுபடி போவேன். அந்த பேக்கரி ஆன்ட்டி சைபர் வாங்கிட்டு என்ன ஆனாங்க? நம்ம கார்க் கதவைச் சாத்திட்டு நேரா வேனை இழுக்கப் பட்டை கட்டப் போனாங்க. எனக்கு வரலன்னா வண்டியை ஓரமா நிறுத்திட்டு வரலன்னு சொல்லுவேன் மாமா. நீங்கதான் உருளையைக் கீழே வைக்க மாட்டேன்னுட்டீங்க."

அவர் இடது கையால் போனைத் தேடினார். இடது கட்டைவிரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி அவள் பெயரைப் பதிவு செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்றால், நடுவில் நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். உதவிக்கு யாரையும் தொடவிடவில்லை.

மகள் டெஸ்டுக்குப் போனாள். ஃபெயில் ஆனாள். ரிவர்ஸில் கம்பத்தை இடித்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அறுவை சிகிச்சைக் கட்டோடு எங்கள் சோபாவில் சாய்ந்து என் மைத்துனர் சொன்னார். "சொன்னேனா இல்லையா அத்தான்?" அவர் முகத்தில் அடிபட்ட நாளுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு தெளிவு வந்திருந்தது. நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மகள் மனசு உடைந்துபோகவில்லை. டெஸ்ட் நடத்தியவரிடமே நின்று மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டு வந்திருந்தாள். மாதம் முடிவதற்குள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. நடுவில் தினமும் காலையில் ஸ்கூல் கார்க் கொட்டகையில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து வாளி வாளியாகத் திட்டினார். இரண்டாம் முறை பாஸ் செய்தாள்.

"யாரு ஸ்டூடன்ட்?" என்றார் அவர், ஃபோனில், எனக்குத் தெரிந்து அவரது எல்லா நண்பர்களிடமும். "நான்தான் துணிஞ்சு அனுப்பினேன். சும்மா பழகிக்கிட்டே இருந்தா ஆகுமா?"

இப்போது டிரைவிங் ஸ்கூலில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. மாணவர்கள் இன்னும் எல் போர்டோடுதான் சுற்றுகிறார்கள். போன வாரம் பாறை பழத்தோடு பார்க்க வந்து, அடுத்த வருடப் போட்டியில் 'அனுபவம் உள்ளவர்' பிரிவு என்று ஒன்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து என் மைத்துனர் கண்ணாடி முன்னால் நின்று இடது தோளை மட்டும் பார்த்துக்கொள்கிறார். பழத்தை நான் தின்றேன்.

மகள் வேலையில் சேர்ந்த முதல் நாள், மருத்துவமனைக் காரை எங்கள் வாசலிலிருந்து தெருவுக்குப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. மாமா தூளியில் தொங்கும் கையோடு ஓடிவந்து காருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, இருக்கிற ஒரு கையால் வா, வா, ஒடி, நேரா, இல்ல, ஒடி என்று தெருவுக்கே கேட்க வழிகாட்டினார். கார் நகரவில்லை. அவர் இன்னும் வேகமாகக் கையை வீசினார். மகள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."